ஆட்டுப் பட்டிகளின் எக்ஸும் ஒய்யும்

மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. சண்டை ஒன்றும் இல்லை. அவள் இருந்தவரை அப்பாவிடம் கேட்டதை என்னிடமும் என்னிடம் கேட்டதை அப்பாவிடமும் சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்படித்தான் நாங்கள் இருவரும் ஒருவர் சேதியை ஒருவர் தெரிந்துகொண்டிருந்தோம் என்பது அவள் ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் உறைத்தது. அப்புறம் இரவுச் சாப்பாட்டில் வெஞ்சனம் என்ன, கேஸ் புக் பண்ணியாச்சா, பைக்குக்குச் சர்வீஸ் எப்போது என்பதோடு முடிந்துவிடும்.

நான் திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். என் கணவர் அய்யலூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளர். ஆடு மாடுகளுக்கு ஊசி போடுவது, காயத்துக்குக் கட்டுவது, ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி முகாம் நடத்துவது எல்லாம் அவர் வேலை. காலையில் அவர் பைக்கில் திருச்சி ரோட்டில் கிளம்புவார். நான் பஸ் ஏறி வேறு திசையில் போவேன். மாலையில் அவர் சட்டையில் ஆட்டு வாடையும் டிஞ்சர் வாடையும் கலந்து வரும். என் வேலையை அவர் மொத்தமாகக் 'கணக்கு' என்பார். அவர் வேலையை நான் மொத்தமாக 'ஊசி' என்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருவர் வேலை செய்வதை மற்றவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சாயங்காலம். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து போனை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உன் கணக்குல இது வருமா பாரேன்" என்று நீட்டினார்.

சொன்ன விஷயம் இதுதான். மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா, ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி போடுவதற்கு முன்னால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆடு அடைக்கும் பட்டிகளையெல்லாம் போனில் புள்ளி வைத்துக் குறித்துவரச் சொல்லியிருந்தார். பட்டி முன்னால் நின்று ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த இடம் போனில் பதிந்துகொள்ளும். ஆட்டுக்காரர் பெயர், ஊர், எத்தனை உருப்படி என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். என் கணவர் வேலைக்கு நடுவே அலைந்து குறித்துவிட்டார். ஆனால் அந்தப் புள்ளிகள் ஒரு கோப்பாகத் திரும்பி வந்தபோது மருந்தகத்தில் யாருக்கும் அதைத் திறக்கத் தெரியவில்லை. டாக்டரம்மாவுக்கு வேண்டியது ஒவ்வொரு பட்டியும் போன் வரைபடத்தில் தேடினால் வருகிற மாதிரி எண்கள். இரண்டு பைக்குகளில் இரண்டு பக்கமாகப் பிரிந்து போக வேண்டும். கரைத்த தடுப்பு மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துச் சீக்கிரமே போட்டு முடித்தாக வேண்டும். வழி தேடி அலைந்தால் மருந்து வீண். ஊர்ப் பெயரை வைத்துப் பிரிக்கலாம் என்றால் பட்டிகள் ஊருக்குள் இல்லை. கரட்டோரம், ஓடைப் பொறம்போக்கு, யாரோ ஒருவரின் முருங்கைத் தோட்டத்துக்குப் பின்பக்கம் என்று சிதறிக் கிடந்தன.

அவர் என்னிடம் தன் வேலை சம்பந்தமாக ஓர் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. விடைத்தாள்களை ஓரமாக ஒதுக்கினேன்.

வகுப்பில் நாங்கள் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட நிரல்மொழியைத்தான் பயன்படுத்துகிறோம். அதில் கோப்பைத் திறந்தேன். திறந்ததும் எனக்குப் பழக்கமான அட்டவணைதான் வந்தது. ஆட்டுக்காரர் பெயருக்கு ஒரு பத்தி, ஊருக்கு ஒரு பத்தி, ஆட்டின் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி. கடைசிப் பத்திதான் புதிது. அதில் ஒவ்வொரு வரியிலும் 'பாயின்ட்' என்ற சொல், அடைப்புக்குறிக்குள் எழுபத்தெட்டில் தொடங்கும் ஓர் எண், சிறு இடைவெளி, பத்தில் தொடங்கும் இன்னோர் எண். இரண்டு எண்களும் ஒரே கட்டத்துக்குள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒரு பத்தியில் ஓர் எண் என்றுதான் நான் வேலை பார்த்திருக்கிறேன். இந்த ஜோடியை எப்படிப் பிரிப்பது என்று தெரியவில்லை.

சாதாரண அட்டவணையாகச் சேமித்துப் பார்த்தேன். ஜோடி பிரியவில்லை, நடுவில் காற்புள்ளியும் சுற்றிலும் மேற்கோள் குறியும் சேர்ந்து இன்னும் இறுகிக்கொண்டது. சரி, எழுத்தை வெட்டுவது மாதிரி வெட்டிவிடுவோம் என்று அடைப்புக்குறியை நீக்கி, காற்புள்ளி இருக்கும் இடத்தில் துண்டாக்கினேன். முதல் சில வரிகள் ஒழுங்காக வந்தன. அப்புறம் எல்லாம் குளறுபடி. போனுக்குச் சிக்னல் கிடைக்காத சில இடங்களில் புள்ளியே பதியாமல் வெறுமையாக இருந்திருக்கிறது. அந்த வரிகளில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் கீழே இருந்த எண்கள் மேலே ஏறிவிட்டன. ஒருவருடைய பட்டி இன்னொருவர் பெயருக்கு நேராக நின்றது. அவர் என் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "இவரு செத்துப்போயி ரெண்டு வருஷமாச்சே, இப்ப மகன்தான பாக்குறாரு, பழக்கத்துல அப்பா பேரையே எழுதிட்டேன்" என்று வேறொரு வரியைக் காட்டித் திருத்தினார். அன்றைக்கு அதோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் கல்லூரியில் ஓய்வு நேரத்தில் என் பழைய மாணவி ஒருத்திக்குச் செய்தி அனுப்பினேன். பெங்களூரில் வரைபடங்கள் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறாள். நான் வெட்டி ஒட்டிய கதையை எல்லாம் நீளமாக எழுதியிருந்தேன். அவள் எழுதாமல் கூப்பிட்டே விட்டாள்.

"மிஸ், அது எழுத்து இல்ல மிஸ். பாக்கத்தான் எழுத்து மாதிரி இருக்கும். உள்ள எண்ணாவேதான் இருக்கு. வெட்ட வேண்டாம், கேட்டா அதுவே எடுத்துக் குடுத்துரும்."

அப்படிக் கேட்பதற்கென்றே ஒரு சின்னக் கட்டளை இருந்தது. ஆயத்தொலைவுகளைக் கொடு என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. புள்ளிகள் இருக்கும் அட்டவணையை அதனிடம் கொடுத்தால் எக்ஸ் ஒரு பத்தியாகவும் ஒய் ஒரு பத்தியாகவும் பிரிந்து ஓர் அணியாக வந்து நிற்கும். புள்ளி பதியாத வரிகளுக்கு நேராக எண் இல்லை என்று குறித்துக் கொடுத்தது, வரிசை குலையவில்லை. அந்த இரண்டு பத்திகளையும் பழைய அட்டவணையின் ஓரத்தில் சேர்த்து ஒட்டினேன். வேலை முடிந்தது. ஒரு முழுச் சாயங்காலம் நான் மல்லுக்கட்டியது ஒரே வரியில் அடங்கிவிட்டது. எனக்கு வெட்கமாக இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. படிக்கிற வயதில் கணக்கு சரியாக வந்தால் வருமே, அதே சந்தோஷம். ஸ்டாஃப் ரூமில் பக்கத்தில் இருந்த தமிழ் மேடத்திடம் காட்டினேன். "ஆட்டுக்கு எல்லாம் எக்ஸ் ஒய்யா?" என்று கேட்டுவிட்டு மறுபடி டீயைக் குடிக்க ஆரம்பித்தார்.

எண்களை என் கணவர் போனுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை முதல் வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் அவர் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஆட்டையெல்லாம் எங்க கொண்டுபோயி விட்டுருக்க? ஒரே கடலாத் தெரியுது. பக்கத்துல பனிமலை வேற."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. வரைபடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அய்யலூர்ப் பட்டிகள் அத்தனையும் வட துருவத்துக்குப் பக்கத்தில் நீலக் கடலுக்குள் நின்றுகொண்டிருந்தன. கட்டளை எக்ஸை முதலில் கொடுத்திருந்தது. எக்ஸ் என்றால் கிழக்கு மேற்கைச் சொல்லும் தீர்க்கரேகை. போன் வரைபடமோ அட்சரேகையைத்தான் முதலில் கேட்கும். எழுபத்தெட்டையும் பத்தையும் இடம் மாற்றிக் கொடுத்தால் கடலில்தான் விழும். படிக்கட்டில் நின்று நான் சிரித்ததைப் பார்த்து இரண்டு மாணவிகள் ஒதுங்கிப் போனார்கள். பத்திகளை மாற்றிப் போட்டு அனுப்பினேன். செத்த நேரத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது: 'கரை சேந்தாச்சு.'

அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எந்தப் பட்டிகள் எந்தப் பைக்குக்கு என்று பிரிப்பதற்காக எக்ஸையும் ஒய்யையும் வைத்து வெள்ளைத் திரையில் புள்ளிகளை வரைந்தேன். ரோடு இல்லை, ஊர்ப் பெயர் இல்லை. வெறும் கறுப்புப் புள்ளிகள். என் கண்ணுக்கு அது வகுப்பில் தினமும் போடுகிற சிதறல் படம். அவர் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரையில் விரலை வைத்து, இது கரட்டடியில் இருக்கிற அண்ணன் தம்பிகளின் பட்டி, பாகம் பிரித்த பிறகும் ஆட்டை மட்டும் ஒன்றாகவே அடைக்கிறார்கள் என்றார். தனியாகக் கிடந்த ஒரு புள்ளியைக் காட்டி, மில் வேலையை விட்டுவிட்டு வந்து வெள்ளாடு வளர்க்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். அவள் ஆடுகளுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறாளாம். ஊசி போடும்போது ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். இங்கே ஒரு நாய் இருக்கிறது, பைக் சத்தம் கேட்டாலே கணுக்காலைத் தேடி வரும். இங்கே மோர் கொடுக்காமல் விடமாட்டார்கள்.

ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கதை இருந்தது. இத்தனை காலமும் இதையெல்லாம் இவர் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். நான் கேட்டதில்லை, அவ்வளவுதான். தோசை மாவு எடுத்து வெளியே வைத்தது புளித்துப் பொங்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பட்டிகளுக்கு நடுவே ஓடும் நாலுவழிச் சாலையைத் தாண்டுவதற்கு நினைத்த இடத்தில் வழி கிடையாது, வெகுதூரம் சுற்ற வேண்டும். அதனால் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு பைக், அந்தப் பக்கம் ஒரு பைக் என்று பிரிப்பதுதான் சரி என்று இருவருக்குமே தோன்றியது. திரையில் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். வெறுமையாக இருந்த புள்ளிகளை ஞாயிற்றுக்கிழமை அவர் போய் மறுபடி குறித்துக்கொண்டு வந்தார்.

தடுப்பூசி ஆரம்பித்த வாரத்தில் ஒரு சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மருந்தகத்தில் ஓர் ஆள் குறைந்திருந்தது. டாக்டரம்மா அவரிடம், மேடம் சும்மா இருந்தா கூட்டிட்டு வாங்களேன் சார் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பழைய காட்டன் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துப் பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். மக்காச்சோளம் அறுத்த காடுகள் வெளுத்துக் கிடந்தன. பனி இன்னும் முழுதாக விலகவில்லை.

எனக்குக் கொடுத்த வேலை, ஊசி போட்ட ஆட்டின் முதுகில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுப்பது. முதல் பட்டியில் பயமாக இருந்தது. ஆடுகள் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடின. இரண்டாவது பட்டியில் பழகிவிட்டது. ஆட்டில் போட்டதைவிடச் சேலையில் போட்டதுதான் அதிகம் என்றார் அவர்.

மூன்றாவது பட்டிக்குப் போன் சரியாகத்தான் கொண்டுபோய் விட்டது. ஓலை வேலி இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஆடுகள் இல்லை. எங்கேயாவது எண்ணை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று போனை வாங்கிப் பார்த்தேன். அப்போது வரப்பு மேல் ஓர் அம்மா விறகுக் கட்டோடு வந்தார். விசாரித்தால், நேற்றே ஆட்டையெல்லாம் ஓட்டிக்கொண்டு போய் அடுத்த ஊர்ச் சோளக்காட்டில் கிடை போட்டிருக்கிறார்களாம். காட்டுக்கு எரு, ஆட்டுக்கு மேய்ச்சல். நான் போனைக் காட்டி, இந்த இடத்தில்தானே இருக்கும் என்று போட்டிருக்கிறது என்றேன்.

அந்த அம்மா சிரித்தார். "ஆடு என்ன வீடா தாயி, கட்டுன எடத்துலயே நிக்க? மேவு இருக்குற பக்கம் போகும்ல."

அவர் கையைக் காட்டிய திசையில் போய்க் கண்டுபிடித்தோம். ஐஸ் அப்போதும் கரையவில்லை. ஒரு புள்ளி என்பது ஓர் இடம் மட்டுமல்ல, அந்த இடத்தில் அந்த நேரம் என்று வகுப்பில் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சோளத்தட்டைகளுக்கு நடுவே ஆடுகளைப் பார்த்தபோது, இனி அட்டவணையில் தேதிக்கும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாகப் போனது மில் வேலையை விட்டு வந்த அந்தப் பெண்ணின் பட்டி. ஊசிகள் போட்டு முடிந்து, மருந்தும் தீர்ந்து, நாங்கள் கிளம்பும் நேரத்தில் அவள் தயங்கித் தயங்கி ஒரு வெள்ளாட்டைக் காட்டினாள். காலையிலிருந்து முக்கிக்கொண்டிருக்கிறது, குட்டி வரவில்லை என்றாள். அது அவள் வாங்கிய முதல் ஆடாம்.

என் கணவர் சட்டையைக் கழற்றிப் பைக் மேல் போட்டார். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கிக் கையில் தடவிக்கொண்டு ஆட்டின் பின்னால் மண்டியிட்டார். கண் எங்கேயோ வேலிப் பக்கம் பார்த்தது. கை மட்டும் உள்ளே எதையோ தேடியது. கண்ணால் பார்க்காமல் விரலாலேயே பார்க்கிறார் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று.

"முன்னங்கால் ஒண்ணு மடங்கிக் கெடக்கு" என்றார் மெதுவாக. "தலையப் பிடிச்சுக்க. பயப்படாத, முட்டாது."

என்னைத்தான் சொன்னார். உட்கார்ந்து ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அது என் சேலை முந்தானையை மென்றது. அவர் குட்டியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, மடங்கிய காலை எடுத்து நேராக்கி, ஆடு முக்கும்போது மட்டும் கூடவே இழுத்து, அது நிறுத்தும்போது தானும் நிறுத்தி, அவசரப்படாமல் வெளியே கொண்டுவந்தார். கறுப்புக் குட்டி. மூச்சு இல்லாத மாதிரி இருந்தது. மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை விரலால் வழித்தார், சாக்கால் விலாவைத் தேய்த்தார். அது தும்மியது. அப்புறம் கத்தியது. தாய் என் மடியிலிருந்து தலையை உதறிக்கொண்டு திரும்பி நக்க ஆரம்பித்தது. அந்தப் பெண் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவர் கை கழுவும்போது நான் தண்ணீர் ஊற்றினேன். நீங்கள் இப்படியெல்லாம் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாதே என்றேன். "நீதான் ஊசின்னு சொல்லுவியே" என்றார். குத்தலாக இல்லை, சிரித்துக்கொண்டுதான். அந்தப் பெண் வீட்டில் வரக்காபி குடித்துவிட்டு, வெயில் ஏறும்போது திரும்பினோம். காலி ஐஸ் பெட்டி மடியில் ஆடிக்கொண்டே வந்தது. சேலை போனது போனதுதான்.

அந்த வருஷம் எங்கள் பக்கத்துப் பட்டிகளில் நோய் தட்டவில்லை. அதற்கு ஊசிதான் காரணம், என் புள்ளிகள் அல்ல. ஆனால் ஊசி வீணாகாமல் போய்ச் சேர்ந்ததில் புள்ளிகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று டாக்டரம்மா ஒரு கூட்டத்தில் சொன்னதாக அவர் வந்து சொன்னார். ஆட்டுக்காரர்களின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, இடத்தையும் கொஞ்சம் நகர்த்தி, அந்த அட்டவணையை இப்போது இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குப் பாடமாகவே நடத்துகிறேன். எல்லோரும் நான் செய்த மாதிரியே முதலில் வெட்டிப் பார்க்கிறார்கள். நான் தடுப்பதில்லை.

போன வாரம் வியாழக்கிழமை அவரோடு அய்யலூர்ச் சந்தைக்குப் போனேன். காலை வகுப்பு இல்லை. சந்தை கலையும் நேரம். ஆடுகளை வேன்களில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவிலிருந்து, தலையில் துண்டு கட்டிய ஒருவர் எங்களைப் பார்த்து வந்தார். கடவூர் மலைப் பக்கம் இருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவராம். எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என் கணவரிடம், "எல்லார் பட்டிக்கும் புள்ளி வச்சீகளாம், எங்களுக்கு மட்டும் வைக்கலையாமே?" என்று கேட்டார். உங்களுக்கு நிலையான பட்டி இல்லையே, எங்கே என்று வைப்பது என்றார் இவர். கிடை மாறும்போதெல்லாம் போன் போட்டுச் சொல்கிறேன், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஆட்டுக்காரர். ஒப்புக்கொண்டு நம்பரை வாங்கிக்கொண்டோம்.

நேற்றுச் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. ஓடைக்கு மேற்கே, புளியமரத்துக்குத் தெற்கே, கடலைக்காட்டில் இறங்கியிருப்பதாகச் சொன்னார் அந்த ஆட்டுக்காரர். என் கணவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் சாதத்தைப் பிசைந்தபடியே எந்த ஓடை என்று கேட்டேன்.